சூரியப் புயல் நிலநடுக்கத்தை முன்னறிவிக்குமா?



2024 அக்டோபர் 10, வியாழக்கிழமை. இஷா தொழுது வீடு திரும்பிய நேரத்தில் எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஒரு குரல்செய்தி வந்து விழுந்தது. பேசியவர் யார் என்று எவருக்கும் தெரியவில்லை. சூரியனிலிருந்து பெரும் காந்தப் புயல் ஒன்று புறப்பட்டுவிட்டது, இன்றிரவு அது பூமியைத் தாக்கும், அதன் வேகத்தில் நிலத்தடிப் பாறைகள் நெகிழும், மூன்று நாள்களுக்குள் மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்தில் நிலநடுக்கம் நிச்சயம், போன மாதம் வந்தது வெறும் முன்னோட்டம், ஆகவே தென்காசி, குற்றாலம், செங்கோட்டைப் பகுதி மக்கள் இரவில் வீட்டுக்குள் உறங்க வேண்டாம் என்றது அந்தக் குரல். இதைப் பத்துப் பேருக்காவது எத்திவைப்பது ஒவ்வொரு முஃமினின் கடமை என்றும் இறுதியில் சேர்த்துக்கொண்டது.

எங்கள் தெருவில் நான்கைந்து வீட்டார் அன்றிரவு பாயும் தலையணையுமாக வெளியே வந்துவிட்டனர். எங்கள் வீட்டிலும் அதுவே நடந்தது. உம்மாவைப் பெற்ற தாய்க்கு எண்பது வயது கடந்துவிட்டது. நெடுநாளாக மூச்சிரைப்பு உண்டு. நாங்கள் சொன்னதைக் கேட்டு அவர்களும் முற்றத்தில் படுத்தார்கள். மலைக்காற்றும் ஈரமும் சேர்ந்து விடியலுக்குள் நெஞ்சு அடைத்துக்கொண்டது. ஜும்ஆ நேரத்தில் நாங்கள் மருத்துவமனை வராந்தாவில் நின்றிருந்தோம். மூன்று நாள் கழித்து அல்லாஹ்வின் கிருபையால் நலமாக வீடு திரும்பினார்கள். அந்த மூன்று நாளும் மலையடிவாரத்தில் எதுவும் அசையவில்லை.

அந்தக் குரல்செய்தியை முழுப் பொய் என்று தள்ளிவிட்டால் எழுத வேண்டிய தேவையே இராது. அதில் இரண்டு உண்மைகள் இருந்தன. ஆகவேதான் படித்த பிள்ளைகளும் அதை நம்பினார்கள். அந்த இரண்டையும், அவற்றை முடிச்சுப் போட்ட பொய்யையும் பிரித்துப் பார்க்க விரும்புகிறோம்.

முதல் உண்மை, சூரியப் புயல். அக்டோபர் 10 இரவு அது மெய்யாகவே பூமியை வந்தடைந்தது. லடாக்கின் ஹன்லே வானத்தில் செந்நிற ஒளி தெரிந்ததைப் படங்களில் கண்டோம். அதற்கு ஐந்து மாதம் முன்பு, மே 10, 11 தேதிகளில் வந்த புயல் இன்னும் பெரியது. 2003க்குப் பிறகு அத்தனை வலிய புயல் வந்ததில்லை. இரண்டாம் உண்மை, செப்டம்பர் 22 ஞாயிறு நண்பகலுக்குச் சற்று முன் அம்பாசமுத்திரம், பாபநாசம், கடையம் வட்டாரங்களில் மக்கள் உணர்ந்த அதிர்வு. பாத்திரங்கள் நடுங்கின என்றார்கள். வீட்டைவிட்டு வெளியே ஓடிவந்தார்கள். தேசிய நில அதிர்வு மையத்தின் பதிவில் அந்நேரம் நிலநடுக்கம் ஏதும் இல்லை என்று மாவட்ட நிர்வாகம் அறிவித்தது. தேநீர்க் கடைகளில் சிலர் கல்குவாரி வெடி என்றனர். சிலர் அரசு மறைக்கிறது என்றனர். காரணம் தெளிவாகச் சொல்லப்படாத ஓர் அச்சம் ஊரில் தேங்கி நின்றது. தேங்கிய அச்சத்துக்குள் யார் எதை எறிந்தாலும் அலை எழும்பும்.

இனி, காந்தப் புயல் என்பது என்ன? சூரியன் அவ்வப்போது மின்னேற்றம் கொண்ட துகள்களின் பெருமுகிலை, அதனோடு பிணைந்த காந்தப் புலத்துடன் வெளியே வீசுகிறது. ஒன்று முதல் மூன்று நாள்களில் அது பூமியை எட்டுகிறது. பூமியைச் சூழ்ந்துள்ள காந்தப் புலத்தோடு அது மோதும்போது விண்ணில் பெரும் மின்னோட்டங்கள் உண்டாகின்றன. தரையில் உள்ள காந்தமானிகளின் முள் அலைபாய்கிறது. இந்த அலைபாய்தலைப் பதிவு செய்வதில் நம் நாட்டுக்கும் நீண்ட மரபு உண்டு. 1859 செப்டம்பரில் வந்த மாபெரும் புயலின்போது பம்பாயின் கொலாபா ஆய்வுக்கூடம் சுமார் 1,600 நானோ டெஸ்லா வீழ்ச்சியைக் குறித்துவைத்தது. அந்தப் பதிவை இன்றும் உலகெங்கும் ஆய்வாளர்கள் எடுத்துப் பார்க்கிறார்கள்.

நம் மலைக்கும் இதில் ஒரு பங்கு உண்டு என்பது நம்மில் பலருக்குத் தெரியாது. திருவிதாங்கூர் அரசின் திருவனந்தபுரம் வானாய்வகத்துக்கு 1852இல் இயக்குநராக வந்தவர் ஜான் ஆலன் புரோன் என்ற ஸ்காட்லாந்து அறிஞர். காந்த ஊசியின் அசைவு சமவெளியிலும் மலையுச்சியிலும் ஒன்றாக இருக்கிறதா என்று அறிய விரும்பி, குற்றால மலைக்குத் தெற்கே அதே தொடரில் நிற்கும் அகத்தியமலையின் உச்சியில் 1855இல் ஒரு காந்த ஆய்வுக்கூடத்தை நிறுவினார். 1,868 மீட்டர் உயரம். யானையும் அட்டையும் மழையும் நிறைந்த காடு. அங்கே கருவிகளைச் சுமந்துபோய், ஆள் வைத்து அளவு எடுத்திருக்கிறார். சூரியன் தன்னைத்தானே சுற்றிவரும் காலத்தையொட்டிக் காந்தக் குழப்பங்கள் திரும்பத் திரும்ப வருகின்றன என்பதைக் கண்டவர்களில் அவர் முன்னோடி. குரல்செய்தியில் பிளக்கப்போவதாகச் சொல்லப்பட்ட அதே மலைத்தொடரில்தான் காந்தப் புயலை அளக்கும் வேலை ஒன்றரை நூற்றாண்டுக்கு முன்பே நடந்திருக்கிறது.

இன்று அந்தப் பணியைத் திருநெல்வேலிக்கு அருகே கிருஷ்ணாபுரத்தில் இந்தியப் புவிகாந்தவியல் நிறுவனத்தின் ஆய்வுக்கூடம் செய்கிறது. (கடையநல்லூரை அடுத்த நம் கிருஷ்ணாபுரம் அன்று, பாளையங்கோட்டையிலிருந்து திருச்செந்தூர் செல்லும் சாலையில் உள்ளது.) அதை அங்கே வைத்ததற்குக் காரணம் இருக்கிறது. புவிகாந்தத்தின் நடுக்கோடு இந்தியாவின் தென்முனையைக் கடந்து செல்கிறது. தும்பாவை ராக்கெட் ஏவுதளமாகத் தேர்ந்ததும் அந்தக் கோட்டின் அருகாமைக்காகவே. அக்கோட்டின் மேலே, தரையிலிருந்து ஏறத்தாழ 100 கிலோமீட்டர் உயரத்தில், பகல்தோறும் ஒரு மின்னாறு கிழக்கு நோக்கிப் பாய்கிறது. வெயில் ஏற ஏற வலுத்து, நண்பகலையொட்டி உச்சம் தொட்டு, மாலையில் வற்றிவிடும். நம் தலைக்கு மேலே, நாம் உணராமலே.

இங்கே சிறிது கணக்குப் பார்க்கலாம். நம் பகுதியில் புவிகாந்தப் புலத்தின் வலிமை ஏறத்தாழ 40,000 நானோ டெஸ்லா. 2024 மே மாதத்துப் பெரும்புயலில் அந்தப் புலம் குறைந்தது 400 நானோ டெஸ்லாவுக்குச் சற்று மேல். அதாவது நூற்றில் ஒரு பங்கு. நம் வானத்து மின்னாறோ புயல் இல்லாத சாதாரண நாள்களிலேயே 50 முதல் 100 நானோ டெஸ்லா வரை ஏற்றி இறக்குகிறது. பெரும்புயலின் கால் பங்கு மாற்றத்தைத் தென்காசிப் பாறைகள் பல நாள்களில் லுஹர் பாங்குக்கு முன்பே சந்தித்துவிடுகின்றன. காந்தப் புலம் சற்று அசைந்தால் பாறை உடையும் என்பது மெய்யானால், இந்தக் கோட்டின் மேல் வாழும் நாம் வாரந்தோறும் நடுங்கிக்கொண்டிருக்க வேண்டும்.

புயல் ஒன்றுமே செய்யாது என்று சொல்லவில்லை. காந்தப் புலம் வேகமாக மாறும்போது நிலத்திலும் நீண்ட மின்தடங்களிலும் மின்னோட்டம் தூண்டப்படும். 1989 மார்ச் 13 அன்று கனடாவின் கியூபெக் மாகாணத்தில் அறுபது லட்சம் பேர் ஒன்பது மணி நேரம் மின்சாரம் இன்றி இருந்தது அதனால்தான். செயற்கைக்கோள்களும் திசைகாட்டும் கருவிகளும் பாதிக்கப்படும். இதற்காகவே இஸ்ரோ 2023 செப்டம்பரில் ஆதித்யா எல்-1 விண்கலத்தை அனுப்பிச் சூரியனைக் கண்காணிக்கிறது. ஆனால் நிலநடுக்கத்தின் மூலதனம் வேறு இடத்தில் இருக்கிறது. நிலத்தட்டுகள் ஆண்டுக்குச் சில சென்டிமீட்டர் நகர்ந்து, நூற்றாண்டுக்கணக்கில் பிளவுகளில் சேர்த்துவைத்த இறுக்கம் அது.

குரல்செய்தியைப் போன்றவை ஏன் பலிப்பதுபோல் தோன்றுகின்றன? உலகில் அளவு 5ஐ எட்டும் நிலநடுக்கங்கள் ஆண்டுக்கு 1,500 வரை நிகழ்கின்றன, நாளொன்றுக்கு நான்கு. அளவு 6க்கு மேல் நூற்றுக்கும் அதிகம். மறுபுறம், சிறியதோ பெரியதோ காந்தப் புயல் வீசும் நாள்கள், அமெரிக்க வானிலை அமைப்பான நோவாவின் கணக்குப்படி, பதினோராண்டுச் சூரியச் சுற்று ஒன்றில் சுமார் 900. ஆண்டுக்கு எண்பது நாள் புயல், நாளுக்கு நான்கு நடுக்கம்! புயல் வந்த மூன்று நாளுக்குள் உலகில் எங்கோ நிலம் நடுங்கும் என்று சொல்வதற்கு ஞானம் தேவையில்லை. துருக்கி நடுக்கத்துக்கு மூன்று நாள் முன்பு, 2023 பிப்ரவரி 3ஆம் தேதி, கோள்களின் நிலையை வைத்து அப்பகுதிக்கு எச்சரிக்கை எழுதிய நெதர்லாந்துக்காரர் ஃபிராங்க் ஹூகர்பீட்ஸ் ஒரே வாரத்தில் உலகப் புகழ் பெற்றார். அவர் அப்போது எழுதியது, விரைவிலோ பின்னரோ அங்கே பெரும் நடுக்கம் வரும் என்ற அளவில்தான். தேதி இல்லாத அந்தச் சொல்லைத் துருக்கியின் எந்தப் புவியியல் மாணவரும் சொல்லியிருப்பார். அவர் சொல்லி நடக்காமல் போனவற்றை எவரும் பகிர்வதில்லை.

எதிர்த்திசையிலும் பார்ப்போம். மே மாதத்துப் பெரும்புயலை அடுத்த ஒரு மாதத்தில் உலகில் எங்கும் அளவு 7ஐத் தொட்ட நிலநடுக்கம் இல்லை. அக்டோபர் புயலுக்குப் பின் அப்படி ஒன்று வர டிசம்பர் ஆயிற்று. பூஜ் நகரை அழித்த 2001 ஜனவரி 26 அன்றும், கடலைக் கரையேற்றிய 2004 டிசம்பர் 26 அன்றும் பெரும் காந்தப் புயல் ஏதும் வீசவில்லை. இதைச் சொன்னால் ஒரு பதில் வரும்: 2004 நவம்பரில் பெரும்புயல் வந்ததே, அதன் விளைவு ஏழு வாரம் கழித்துத் தெரிந்தது என்பார்கள். மூன்று நாளும் பொருந்தும், ஏழு வாரமும் பொருந்தும் என்றால் அந்த முழக்கோலால் துணி அளக்க முடியாது.

ஆனால் அறிவியலாளர்கள் இந்தக் கேள்வியையே கேலி செய்துவிட்டுப் போகவில்லை என்பதை நேர்மையோடு சொல்ல வேண்டும். 2020இல் இத்தாலிய ஆய்வாளர்கள் சிலர், சூரியக் காற்றில் புரோட்டான் அடர்த்தி கூடிய மறுநாள் உலகில் அளவு 5.6க்கு மேற்பட்ட நடுக்கங்கள் அதிகரிப்பதாக இருபதாண்டுத் தரவுகளைக் கொண்டு எழுதினார்கள். பாறையில் உள்ள படிகக் கற்கள் மின்புலத்தால் சற்றே விரிந்து சுருங்குவது காரணமாகலாம் என்பது அவர்கள் கருத்து. அதற்கு முன்பே 2013இல் அமெரிக்கப் புவியியல் ஆய்வகத்தைச் சேர்ந்த ஜெஃப்ரி லவ்வும் உடன் ஆய்வாளர் ஜெரமி தாமஸும் சூரியப் புள்ளிகள், சூரியக் காற்றின் வேகம், காந்தப் புயல் மூன்றையும் பெரும் நிலநடுக்கங்களோடு ஒப்பிட்டு, பொருட்படுத்தத் தக்க தொடர்பு இல்லை என்று முடிவு சொல்லியிருந்தனர். விவாதம் நடக்கட்டும். இத்தாலியர் சொன்னதை அப்படியே ஏற்றாலும், அது பூமி உருண்டை முழுவதற்குமான ஒரு சராசரி. சிலியா, ஜப்பானா, செங்கோட்டையா என்று அது சொல்லாது. இடம் சொல்லாத எச்சரிக்கையைக் கேட்டு எந்த வீட்டைக் காலி செய்வது?

இன்னொரு வழியும் முயன்று பார்க்கப்பட்டது. நமக்கு அதிகம் பயன் தரும் கதை அதுதான். வானம் பாறையை உடைப்பதை விட்டுவிடுவோம். உடையப்போகும் பாறை தானே ஒரு காந்தச் சைகையை வெளியிடாதா? 1989 அக்டோபர் 17 அன்று கலிபோர்னியாவின் லோமா பிரியட்டாவில் அளவு 6.9 நிலநடுக்கம் வந்தது; 63 பேர் இறந்தார்கள். மையத்துக்கு ஏழு கிலோமீட்டர் தொலைவில், வேறொரு நோக்கத்துக்காக ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் ஆன்டனி ஃபிரேசர் ஸ்மித் வைத்திருந்த காந்தக் கருவி ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. பதிவைப் பிரித்துப் பார்த்தால், இரண்டு வாரம் முன்பிருந்தே சைகை உயர்ந்திருக்கிறது. கடைசி மூன்று மணி நேரத்தில் பல மடங்கு எகிறியிருக்கிறது. உலகமே நிமிர்ந்து உட்கார்ந்தது. நாடுகள் தோறும் கருவிகள் நடப்பட்டன. இருபதாண்டு கழிந்து 2009இல் அதே பதிவை மீண்டும் பொறுமையாகச் சோதித்தார்கள். ஓர் ஆய்வு, அந்த உயர்வில் பெரும்பகுதி அந்நாள்களில் விண்ணில் இயல்பாக நிலவிய காந்தக் குழப்பமே என்றது. மற்றோர் ஆய்வு, தொலைவில் இருந்த பிற ஆய்வகங்களின் பதிவோடு ஒப்பிட்டு, கருவியே பழுதுபட்டிருக்கலாம் என்றது. இருபதாண்டு நம்பிக்கை அத்தோடு ஆட்டம் கண்டது.

இந்தக் கதையில் புயலின் இடத்தைக் கவனியுங்கள். அரிசியில் கல் பொறுக்குவதுபோல, நிலத்தடிச் சைகையைத் தேடுபவர் முதலில் புயலைத்தான் பொறுக்கி எறிய வேண்டும். கிருஷ்ணாபுரம் போன்ற ஆய்வுக்கூடங்களின் பதிவு அதற்கு உதவும். இது வானத்தின் ஓசை, நிலத்தின் குரல் அன்று என்று அது பிரித்துக் காட்டும். இமயமலையில் உத்தராகண்டின் குட்டு என்ற சிற்றூரில் வாடியா நிறுவனம் 2007 முதல் காந்தம், ஈர்ப்பு, ரேடான் வாயு எனப் பலவற்றை ஒருசேர அளந்துவருகிறது. நிலநடுக்கத்தை முன்கூட்டிச் சொல்லும் நிரூபிக்கப்பட்ட முறை உலகில் எங்கும் இல்லை என்பதே இன்றுவரை அரசு நாடாளுமன்றத்தில் சொல்லிவரும் விடை.

நம் காலடி நிலத்தைப் பற்றியும் சில வார்த்தை. கேரளத்தின் அச்சன்கோவில் பக்கமிருந்து தென்காசி வட்டாரம் வரை நிலத்தடியில் ஒரு பழம் முறிவு வளையம் ஓடுகிறது. புவியியலாளர் அதற்கு அச்சன்கோவில் பெயரையே இட்டிருக்கிறார்கள். ஐம்பது கோடி ஆண்டுக்கும் மேற்பட்ட தழும்பு அது. இந்தியத் தரக்கட்டுப்பாட்டு அமைப்பின் 2016ஆம் ஆண்டு வரைபடத்தில் நம் பகுதி மிகக் குறைந்த அபாயமுள்ள இரண்டாம் மண்டலம். குறைவு என்றால் இல்லை என்று பொருளாகாது. 1900 பிப்ரவரி 8 அன்று கோயம்புத்தூரை ஏறத்தாழ அளவு 6 நடுக்கம் உலுக்கியிருக்கிறது. 1967 டிசம்பரில் மராட்டியத்தின் கொய்னா, அதுவரை அமைதியான பகுதி எனக் கருதப்பட்டது, அணையில் நீர் தேங்கிய சில ஆண்டுகளிலேயே 6.3 அளவில் நடுங்கியது. வெளியிலிருந்து வரும் காரணம் நிலத்தை அசைக்கும் என்பதற்குக் கொய்னா சான்று. ஆனால் அங்கே காரணம் கோடிக்கணக்கான டன் தண்ணீர். அதை அளக்கலாம், காட்டலாம், ஆண்டுதோறும் சோதிக்கலாம்.

இப்போது நம் வீட்டுப் பேச்சுக்கு வருவோம். குரல்செய்தியைப் பரப்பிய உறவினரிடம் நாங்கள் பேசியபோது அவர் சொன்னார்: "பொய்யாவே இருந்தாலும் என்ன காக்கா? நாலு பேரு பயந்து தவ்பா செஞ்சா நன்மைதானே?" இந்தக் கேள்வியை இலேசாகத் தள்ளிவிட முடியாது. நம் பள்ளிவாசல்களில் நல்ல மனிதர்கள் பலரும் இப்படித்தான் எண்ணுகிறார்கள்.

ஹிஜ்ரி 10இல் நபி (ஸல்) அவர்களின் பச்சிளம் மகன் இப்ராஹீம் மறைந்த அன்று சூரிய கிரகணம் பிடித்தது. அந்தப் பிள்ளையின் மரணத்துக்காகவே சூரியன் இருண்டது என்று மக்கள் பேசினார்கள். மார்க்கத்தின் மதிப்பை உயர்த்த அதைவிட வாகான வாய்ப்பு வேறு இராது. மௌனமாக இருந்தாலே போதும். பெருமானார் மௌனமாக இருக்கவில்லை. சூரியனும் சந்திரனும் அல்லாஹ்வின் அத்தாட்சிகள், எவருடைய இறப்புக்காகவும் பிறப்புக்காகவும் அவை கிரகணம் கொள்வதில்லை என்று விளக்கி, கிரகணத்தைக் கண்டால் தொழுங்கள் என்று பணித்தார்கள். தம் துயரத்தின் நடுவிலும், தமக்குச் சாதகமான ஒரு தவறான முடிச்சை அவிழ்த்தார்கள். தொழுகையும் துஆவும் அங்கே இருந்தன. பொய்க் காரணம் மட்டும் இல்லை. தவ்பாவுக்கு அழைக்க விரும்புகிறவருக்கு இந்த முன்மாதிரி போதும் என்று நாம் கருதுகிறோம். தேதி குறித்துப் பயமுறுத்தி, அந்தத் தேதி ஒன்றும் நடவாமல் கழியும்போது, வீட்டுப் பிள்ளைகள் சிரிக்கிறார்கள். அவர்கள் சிரிப்பது குரல்செய்தியைப் பார்த்து மட்டும் இல்லை என்பதை எங்கள் வீட்டிலேயே கண்டோம்.

இன்னொன்றும் உறுத்துகிறது. ஒரு செய்தியை ஏற்குமுன் அது யார் வழியாக யாருக்கு வந்தது, அவர்கள் சந்தித்திருக்க முடியுமா, நினைவாற்றல் எப்படி, நேர்மை எப்படி என்று தலைமுறை தலைமுறையாக ஆராய்ந்த சமுதாயம் நம்முடையது. அறிவிப்பாளர் வரிசை இல்லாத சொல்லுக்கு நம் உலமாக்கள் எடை தரவில்லை. ஹிஜ்ரி 911இல் மறைந்த எகிப்தின் இமாம் சுயூத்தி நிலநடுக்கங்களைப் பற்றித் தனி நூலே எழுதினார்; எந்த ஆண்டு, எந்த ஊர், என்ன சேதம் என்று பழைய வரலாறுகளிலிருந்து திரட்டி வரிசைப்படுத்தினார். இன்று மத்தியக் கிழக்கின் பழைய நடுக்கங்களை ஆராயும் புவியியலாளர்கள் அந்த நூலைப் புரட்டுகிறார்கள். அந்த மரபின் பிள்ளைகள் பெயர் தெரியாத குரலைக் கேட்டு முற்றத்தில் பாய் விரித்தோம்.

அஞ்ச வேண்டியது எதுவுமில்லையா என்றால், உண்டு. மே மாதத்துப் பெரும்புயல் வந்து சரியாக ஒரு வாரம் கழித்து, மே 17 வெள்ளிக்கிழமை, பழைய குற்றால அருவியில் காட்டாற்று வெள்ளம் திடுமெனப் பாய்ந்து பதினேழு வயதுச் சிறுவன் ஒருவனை அடித்துச் சென்றது. உயிரற்ற உடலைத்தான் மீட்டார்கள். மறுநாளே ஒரு செய்தி சுற்றியது, இதுவும் சூரியப் புயலின் வேலை என்று! மலைமேல் பெய்த மழையின் வேலை அது. மேலே மழை வலுப்பதற்கும் கீழே அருவி பொங்குவதற்கும் இடையில் சிறிது நேரம் இருக்கிறது. அந்த நேரத்துக்குள் மழைமானியும் நீர்மட்டக் கருவியும் சங்கொலியும் ஓர் உயிரைக் காக்கும். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியதை நம் உறவுகள் அனுபவித்தார்கள். நம் மண்ணில் ஆளைக் கொல்வது தண்ணீர். அதற்கு எச்சரிக்கை சாத்தியம். அதைத்தான் நாம் கேட்டுப் பெற வேண்டும். காந்தப் புயலைப் பற்றி ஆயிரம் செய்திகள் பகிர்ந்த ஊரில், ஐந்தருவியிலும் பழைய குற்றாலத்திலும் எச்சரிக்கைக் கருவி என்ன ஆயிற்று என்று கேட்டு எத்தனை மனுக்கள் போயின?

நிலநடுக்கத்துக்கும் செய்ய வேண்டியது உண்டு. அது வானத்தைப் பார்த்துச் செய்வது அன்று. துருக்கியிலும் சிரியாவிலும் ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டது பெரும்பாலும் கட்டடங்களுக்கு அடியில்தான். வளைகுடாவில் உழைத்த பணத்தில் நம் தெருக்களில் மாடிகள் எழும்புகின்றன. வாப்பா காலத்துக் கருங்கல் சுவரின் மேல், தூண் எதுவும் இல்லாமல், இரண்டாவது மாடியும் மூன்றாவது மாடியும் ஏற்றுகிறோம். மொட்டைமாடியின் ஒரு மூலையில் தண்ணீர்த் தொட்டி, தெருப் பக்கம் பிடிமானம் இல்லாத கைப்பிடிச் சுவர். ஜன்னல் மட்டத்தில் சுற்றிவரப் பெல்ட் கான்கிரீட் போடுங்கள் என்று கொத்தனார் சொன்னால் செலவு என்று தட்டிவிடுகிறோம். தூண்களில் ரிங் கம்பியை நெருக்கிக் கட்டச் சொல்வதில்லை. இரண்டாம் மண்டலத்தில் வரக்கூடிய மிதமான நடுக்கத்துக்கு இவையே போதிய காப்பு. அதே கட்டுமானம் புயல் மழையிலும் வீட்டைத் தாங்கும்.

அடுத்த சாரல் தொடங்குமுன் மஹல்லாதோறும் ஒரு ஞாயிற்றுக்கிழமையை ஒதுக்கிவைக்கலாம். கட்டடப் பொறியாளர்கள் நம் பிள்ளைகளிலேயே பலர் இருக்கிறார்கள். பள்ளிவாசல் மினாரா, மதரசாவின் மேல்தளம், ஷாதி மஹாலின் மாடிப்படி ஆகியவற்றை முதலில் பார்க்கட்டும். பிறகு கேட்கும் வீடுகளுக்குப் போகட்டும். எங்கள் வீட்டுக் கைப்பிடிச் சுவரைச் சென்ற மாதம் இடித்துக் கட்டினோம். அதன் நேர்கீழேதான் அன்றிரவு உம்மாவின் தாய்க்குப் பாய் விரித்திருந்தோம்.